மறு: நெட்வொர்க்: வலையமைப்பா, தடமா?

> வலையமைப்பு என்ற சொல் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்குத் தம்பி?

ஐயா, வணக்கம். கணினிப் பாடத்துக்கு வலையமைப்பு சரிதான். ஆனால் இந்தக் கையேட்டைப் படிக்கப் போவது, வெளிநாட்டுக்காரருக்கு டிசைன் செய்துவிட்டு டாலர் மதிப்பை ஒட்டியே ஓடும் கிரிப்டோ நாணயமான யுஎஸ்டிடியில் கூலி வாங்கும் ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பிள்ளைகள். அனுப்பும் நேரத்தில் செயலி "எந்த நெட்வொர்க்?" என்று கேட்கும். ட்ரானா, எத்தீரியமா, பிஎன்பி செயினா? பேருந்தில் தடம் எண் பார்த்து ஏறுகிறவர்களுக்குத் "தடம்" என்றால் போதும், விளக்கவே வேண்டாம்.

எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். முகவரி என்பது நாணயம் வந்து சேரும் எழுத்தும் எண்ணும் கலந்த தொடர். ட்ரான் முகவரி ஆங்கில 'டி' (T) எழுத்தில் தொடங்கும். அதை எத்தீரியத் தடத்தில் ஒட்டினால் செயலியே ஏற்காது. எத்தீரியத்துக்கும் பிஎன்பி செயினுக்கும் முகவரி வடிவம் ஒன்றே. தடத்தை மாற்றிப் போட்டாலும் சத்தமில்லாமல் போய்விடும். வாங்குபவரின் பரிமாற்றகம் (நாணயத்தை வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்ச்) அந்தத் தடத்தை ஏற்காவிட்டால் மீட்பது பெரும்பாடு. கட்டணமும் அந்தந்தத் தடத்தின் நாணயத்தில்தான்: ட்ரானில் டிஆர்எக்ஸ், எத்தீரியத்தில் ஈத்தர். யுஎஸ்டிடி நிறைய இருந்தும் டிஆர்எக்ஸ் இல்லாமல் நகர்த்த முடியாமல் நிற்பவர்கள் உண்டு.

> ஸ்டேபிள்காயின்: உறுதி நாணயம்?

யாரோ உறுதி கொடுத்த மாதிரி ஒலிக்கிறது. 2023 மார்ச்சில் யுஎஸ்டிடி போன்ற இன்னொரு டாலர் நாணயமான யுஎஸ்டிசியே சில நாள் ஒரு டாலருக்குக் கீழே போனது. "நிலைநாணயம்" என்றால் எனக்குச் சம்மதம்.

> ப்ரைவசி பத்திக்கு 'அநாமதேயப் பரிமாற்றம்' என்று தலைப்பு வைக்கலாமே?

ஐயா, இது மட்டும் வேண்டாம். அந்தத் தலைப்பைப் படித்தால் யாருக்கும் எதுவும் தெரியாது என்று நம்பிவிடுவார்கள். ஒரு வாடிக்கையாளருக்கு முகவரி கொடுத்தால் போதும், அவர் அதை எக்ஸ்ப்ளோரரில் (எல்லாப் பரிமாற்றங்களையும் யாரும் பார்க்கக்கூடிய தளம்) ஒட்டி, நமக்கு எந்தெந்த முகவரியிலிருந்து எவ்வளவு வந்தது, மீதி எவ்வளவு என்று பார்த்துவிடலாம். அப்புறம் அடுத்த வேலைக்குக் கூலி பேசிப் பாருங்கள்! ஆளுக்கொரு முகவரி வைத்தாலும், கடைசியில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்தால் எல்லாம் ஒருவருடையதே என்று முடிச்சு விழுந்துவிடும். ரூபாயாக்கும் பரிமாற்றகத்தில் பான் எண்ணும் கொடுத்திருப்போம். 2023 முதல் இந்தப் பரிமாற்றகங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. யுஎஸ்டிடியை வெளியிடும் டெதர் நிறுவனம் ஒரு முகவரியில் உள்ள அந்த நாணயத்தை முடக்கவும் முடியும். தடம் மாறினால் கட்டணம் குறையலாம், இந்த நிலைமை மாறாது.

ஆகவே "புனைபெயர்ப் பரிமாற்றம்" என்கிறேன். பெயர்தான் மறைகிறது, நடமாட்டம் தெரிகிறது. "தடம்" என்பதற்குச் சுவடு என்ற பொருளும் இருப்பது நமக்கு லாபம்.

> ரௌட், ட்ராக் எல்லாவற்றுக்கும் தடம்தானே? குழப்பம் வரும்.

வரும்தான். அதனால் சொற்பட்டியலில் "பரிமாற்றத் தடம்" என்று முழுதாக இருக்கட்டும், கையேட்டுக்குள் வெறும் தடம். முதல்முறை வரும் இடத்தில் மட்டும் "நெட்வொர்க் எனப்படும் தடம்" என்று எழுதிவிடலாம். செயலித் திரையில் அந்தச் சொல்தானே இருக்கிறது. சரி என்றால் வரைவைத் திருத்தி ஞாயிறு தண்டையார்பேட்டைக் கூட்டத்துக்கு அச்சுப்படி கொண்டுவருகிறேன், ஐயா.