முதல் கிட் கார் (துண்டுகளாகச் சேர்த்து நாமே கட்டும் கார்): எதை எடுத்தீர்கள், எங்கே மாட்டிக்கொண்டீர்கள்?

வாவிக்கரை (மட்டக்களப்பு)

பழைய வொக்ஸ்வாகன் பீட்டிலின் அடிச்சட்டத்தின் மேல் ஸ்பீட்ஸ்டர் பொடி, அதாவது கூரையில்லாத போர்ஷே 356இன் உடம்பு, ஏற்றுவது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதைதான். பீட்டிலின் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் 2400 மில்லிமீற்றர், போர்ஷே 356இல் 2100. அந்த முப்பது சென்ரிமீற்றரை நடுவில் வெட்டி எடுத்து, திரும்பவும் ஒட்ட வேண்டும். நான் பொடிக்காகத்தான் ஆறு மாதம் மண்டையை உடைத்தேன். எந்தப் பீட்டிலை வாங்குவது என்று ஆறு நாள்கூட யோசிக்கவில்லை.

கல்லடிப் பக்கம் ஒன்று கிடைத்தது. புதுப் பெயின்ற், சீட்டுக்குக் கீழேயும் துரு இல்லை. "வீட்டோடயே நின்ற கார் தம்பி" என்றார் விற்றவர். அது பொய்யும் இல்லை.

வெட்டுகிற நாளன்று வெல்டிங் பாஸ் (ஒட்டுவேலைக்காரர்) சோக்கால் கோடு போட்டு, நடுக் குழாயில் கிரைண்டரை வைத்தார். கியர் கம்பி, கிளச் கேபிள், பெற்றோல் லைன் எல்லாம் அதற்குள்தானே போகிறது. ஒரு அங்குலம் வெட்டியிருப்பார், உள்ளே இருந்து என்னவோ கொட்டத் தொடங்கியது. துருத்தூள் என்று நினைத்தேன். இல்லை, மணல். கடல் மணல். கொட்டிக்கொண்டே இருந்தது. சின்னச் சின்னச் சிப்பியும் வந்தது.

பாஸ் கிரைண்டரை நிற்பாட்டினார். அவர் கடலோர நாவலடிக்காரர். கொஞ்ச மணலைக் கையில் எடுத்துப் பார்த்தார், வேலியோரம் கொண்டுபோய்க் கொட்டினார், கையைக் கழுவினார். அன்றைக்கு அதற்குமேல் வேலை செய்யவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

குழாய் உள்பக்கமாக அப்பளம் போல் இருந்தது. கார் 2004 மார்கழியில் எங்கே நின்றது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

பாண்டிருப்புத் தோணி (கல்முனை)

மணல் கதை வாசித்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்தேன்.

என்னுடைய சிக்கல் பொடி. அதே ஸ்பீட்ஸ்டர்தான். கண்டியில் கூட்டாளி ஒருவனிடம் இருந்த பொடியில் அச்சு எடுத்தோம். வெளிநாட்டில் இருந்து இறக்குவானேன், இங்கே பைபர் போட் கட்டுகிற காக்கா (முஸ்லிம் அண்ணர்) இருக்கிறாரே என்று அவரிடம் கொடுத்தேன். சதுர மீற்றருக்கு 450 கிராம் கண்ணாடி நார் மெட் ஒரு படை போட்டால் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர் வரும். காருக்கு இரண்டு மூன்று படை, மூலைகளில் கொஞ்சம் கூட. காக்கா ஆறு படை போட்டுவிட்டார். கேட்டதற்கு, "மெல்லிசாப் போட்டா எனக்கு நித்திரை வராது தம்பி" என்று முழங்கையால் ஒரு குத்துக் குத்திக் காட்டினார். பொடி அசையவில்லை. அவருடைய முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தபின் வாயைத் திறக்க முடியவில்லை.

நாலு பேர் தூக்குகிற சாமானை எட்டுப் பேர் தூக்கி வைத்தோம். பின்பக்கம் பதிந்து, டயர் மட்காட்டில் போய் முட்டியது. ஏற்கனவே எஞ்சின் பின்னால் இருக்கிற வண்டி அது. பிறகு நாற்பதாம் நம்பர் சாண்ட் பேப்பரும் கிரைண்டருமாக உள்பக்கம் சுரண்டி எடுத்தேன். இன்றைக்கும் காரை யாராவது தட்டிப் பார்த்தால் "என்ன சத்தம், போட் மாதிரி" என்கிறார்கள்.

டிஎக்ஸ் வேகன் (அக்கரைப்பற்று)

அஸ்ஸலாமு அலைக்கும். வாவிக்கரை தம்பி கோபிக்கக் கூடாது, ஆனால் முதல் தடவை கட்டுபவர் பீட்டிலைத் தொடவே கூடாது என்பது என் கட்சி. மணல் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

என் கதை சின்னது. லோட்டஸ் செவன் என்ற சின்னத் திறந்த கார் மாதிரியில் நானே கட்டினேன், நிந்தவூர்ப் பக்கம் ஒரு ஸ்பீட் பிரேக்கரில் எஞ்சினுக்குக் கீழே இருக்கிற ஒயில் சம்ப் (ஒயில் தொட்டி) உரசிக் கிழிந்தது, ஒயில் முழுவதும் ரோட்டில். அவ்வளவுதான். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் பொடியைப் பார்க்காதீர்கள், எஞ்சினும் அக்சிலும் கொடுக்கிற பழைய காரைப் பாருங்கள். நம் பக்கம் என்ன கிடைக்கிறது? டொயோட்டா கேஈ70 கொரோலா, நம் டிஎக்ஸ் வேகன். 4கே எஞ்சின், 1290 சிசி, பின் சில்லு இழுவை. அல்லது டட்சன் சன்னி பி310, அதுவும் பின் இழுவைதான். எந்தக் கராஜில் கேட்டாலும் கை வைக்கப் பயப்பட மாட்டார்கள். செவனுக்கு இருபத்தைந்து மில்லிமீற்றர் சதுரக் குழாய், 1.6 தடிப்பு, வெல்டிங் தெரிந்த யாரும் ஒட்டலாம். பக்கமெல்லாம் தட்டையான அலுமினியத் தகடு, முன் கண்ணாடியும் தட்டை. பைபர் என்று பார்த்தால் மூக்கும் மட்காட்டும்தான். இதையே கோப்ரா ஸ்போர்ட்ஸ் காரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: உடம்பு முழுக்க வளைவு, கதவு இடைவெளி சரிக்கட்ட ஒரு வருஷம், தேய்க்க இன்னொரு வருஷம். அமெரிக்கர் ஷெல்பி 1962இல் வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்) வைத்துக் கட்டியது என்று ஆசையாகத்தான் இருக்கும். அந்த வி8இன் சத்தத்தை 4கேயில் இருந்து வாங்க முடியாது, வாங்கப் பார்க்கிறவரைப் பார்த்து ஊர் சிரிக்கும்.

இன்னொன்று. வேகனின் பின் அக்சிலில் பிளேட் ஸ்பிரிங் இருக்கைகள் ஒட்டியிருக்கும், அவற்றை வெட்டிவிட்டுப் புது பிராக்கெட் ஒட்ட வேண்டும். சூட்டில் அக்சில் வளையும். மெதுவாக, மாறி மாறி ஒட்டச் சொல்லுங்கள். கடைசியாக, செவனே வரியில் இருந்து தப்பப் பிறந்த கார். 1957இல் வந்தபோது இங்கிலாந்தில் முழுக் காருக்குக் கொள்வனவு வரி, பெட்டியில் துண்டு துண்டாக வாங்கினால் இல்லை. 1973இல் வற் வரி வந்ததும் அந்தச் சலுகை போய்விட்டது, லோட்டஸ் உரிமையைக் கேட்டர்ஹாம் கம்பனியிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவியது. ஆக, ஏழைக்கென்றே வந்த கார். இதைவிட முதல் வண்டி வேறு என்ன வேண்டும்?

வாவிக்கரை

காக்கா, ஏழைக்கு என்று சொல்லிவிட்டு ஒயில் சம்புக்கு எவ்வளவு போனது என்று எழுதவில்லையே.

டிஎக்ஸ் வேகன்

அது வேற கதை.

ஆரையம்பதித் தங்கச்சி

கார் கட்டத் தெரியாது எனக்கு. அண்ணா கட்டினார், லண்டனில். செவன் மாதிரிக் கிட் ஒன்று. வீடியோவில் பார்த்து, படத்தைப் பார்த்து, எந்த நட் எங்கே என்று மனப்பாடம். ஆனால் கட்டும்போது ஒரு தடவையாவது அவர் அதில் ஏறி உட்கார்ந்து பார்க்கவில்லை.

நான் போயிருந்தபோது கார் முடிந்து நின்றது. அங்கே ரோட்டில் ஏற்ற ஐவிஏ என்று ஒரு பரிசோதனை. கூர்மையான விளிம்பு இருக்கக் கூடாது, 2.5 மில்லிமீற்றர் வளைவாவது வேண்டும். அதற்காக வெளியே தெரிகிற நட்டுக்கெல்லாம் பிளாஸ்டிக் தொப்பி போட்டிருந்தார். கல்யாண வீட்டுப் பலகாரத் தட்டு மாதிரி இருந்தது. பரிசோதனையில் அதெல்லாம் பாஸாகிவிட்டது. ஓட்டப் போகும்போதுதான் கூத்து. கால் வைக்கிற பெட்டி அவ்வளவு ஒடுக்கம், சப்பாத்தோடு பிரேக்கை மிதித்தால் அக்சிலேட்டரும் சேர்ந்து போகிறது. அண்ணாவுக்குப் பதினொன்றாம் நம்பர் கால். சப்பாத்தைக் கழற்றி என் மடியில் தந்துவிட்டு, மேசோடு (காலுறையோடு) ஓட்டினார். சித்திரையிலும் அங்கே குளிர். கோயிலுக்குள் போவது போல, ஒவ்வொரு தடவையும் கழற்றித்தான் ஏறுகிறார்.

அண்ணி இன்னும் அதில் ஏறவில்லை.

டிஎக்ஸ் வேகன்

தங்கச்சி, பெடலை உள்ளே தள்ளி வைத்துப் புதிதாக ஒட்டலாம். அண்ணாவிடம் சொல்லுங்கள், முதலில் பெடல் பெட்டியைக் கழற்றி அளந்து...

ஆரையம்பதித் தங்கச்சி

அவர் கேட்கவில்லை காக்கா. நானும் கேட்கவில்லை.

கொண்டவட்டுவான் (அம்பாறை)

பீட்டில் வெட்டுகிறவர்களுக்கு அவசரமாக ஒன்று. செஸி நம்பர் (அடிச்சட்ட இலக்கம்) பின் சீட்டுக்குக் கீழே, அதே நடுக் குழாயின் மேல்தான் குத்தியிருக்கும். நான் கடைக்குப் போய் வருவதற்குள் பையன் ஒருவன் வெல்டிங் தழும்பைத் தேய்க்கிறேன் என்று அதையும் சேர்த்துப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தான். "நீற்றாக இருக்கா அண்ணே?" என்று கேட்டான். நீற்றாகத்தான் இருந்தது. பதிவுப் புத்தகத்தில் நம்பர் இருக்கிறது, காரில் இல்லை. இனி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் போய் என்ன சொல்வது? நான்கு வருஷமாகக் கொட்டகைக்குள் நிற்கிறது, கோழி முட்டையிடுகிறது.

வெட்ட முன் அந்த இடத்தில் ஒரு தகட்டை மூடிக் கட்டுங்கள்.

காத்தான்குடி மச்சான்

தோஹாவில் வேலை செய்த காலத்தில் முதலாளி மோட்டார் சைக்கிள் எஞ்சின் போட்ட செவன் ஒன்று கட்டினார், நான் கூட நின்றேன். பறக்கும். ஆனால் மோட்டார் சைக்கிள் கியர்பெட்டியில் ரிவேர்ஸ் கிடையாது. அதற்குத் தனியாக வாங்கிப் பூட்ட வேண்டும், முதலாளி பிறகு பார்க்கலாம் என்றுவிட்டார். முதல் நாளே ஒரு பெரிய ஹோட்டல் வாசலில் கொண்டுபோய் மூக்கைச் சுவரில் வைத்து நிறுத்தினார். திரும்பி வந்தால் பின்னால் எடுக்க வழி இல்லை. வெள்ளை உடுப்பும் கறுப்புக் கண்ணாடியுமாக அவர் உள்ளே இருந்து ஸ்டியரிங்கைத் திருப்ப, நான் முன்னால் நின்று மூக்கைப் பிடித்துத் தள்ளினேன். வாசலில் நின்ற காவற்காரர் எனக்கு சல்யூட் அடித்தார், அவருக்கு இல்லை.

வாவிக்கரை

டிஎக்ஸ் காக்கா, உங்களிடம் இன்னொரு வேகன் கிடக்கிறது என்று போன மாதம் எங்கேயோ எழுதியிருந்தீர்கள். இன்னும் இருக்கிறதா? பாஸிடம் சொன்னேன். விலையைக் கேட்கவில்லை அவர். 2004இல் அது எங்கே நின்றது என்று மட்டும் கேட்கச் சொன்னார்.

டிஎக்ஸ் வேகன்

மகா ஓயாவில். கடலைக் கண்ணால் கண்டதில்லை அது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வாங்க, பாஸையும் கூட்டிக்கொண்டு.