முப்பது வயது மகன், அவன் அம்மா, ஒரு பச்சைத் தொப்பி

பச்சைத்தொப்பி:
ஜான் கென்னடி டூல் எழுதிய 'எ கான்ஃபெடரசி ஆஃப் டன்சஸ்' நாவலை எங்கே, எப்படிச் சந்தித்தீர்கள்? நானே ஆரம்பிக்கிறேன்.

தத்துவத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு இரண்டு வருடம் வீட்டில் சும்மா இருந்தேன். அந்த நாளில் பழைய புத்தகக் கடையில் நாற்பது ரூபாய்க்கு வாங்கியது. நாயகன் இக்னேஷியஸ் ரைலி. ஊர் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ். முப்பது வயது, பெருத்த உடம்பு, காதுமடல் வைத்த பச்சை வேட்டைத் தொப்பி. இடைக்காலம் முடிந்ததோடு உலகம் கெட்டுப்போய்விட்டது என்பது அவன் கட்சி. ஆறாம் நூற்றாண்டுத் தத்துவஞானி பொயீதியஸ்தான் குரு. மட்டமான சினிமாவாகத் தேடிப் போய், தியேட்டரில் உட்கார்ந்து சத்தமாகத் திட்டுவான். மனசுக்கு ஒவ்வாதது எது நடந்தாலும் வயிற்றுக்குள் ஒரு வால்வு மூடிக்கொள்ளும்.

அம்மா ஐரீன் பீர் குடித்துவிட்டுக் காரை எடுக்கும்போது ஒரு கட்டடத்தில் இடித்துவிடுகிறார். நஷ்ட ஈடு 1,020 டாலர். அதைக் கட்டத்தான் பிள்ளையை வேலைக்குத் துரத்துகிறார். பேண்ட் கம்பெனியில் ஃபைல்களை அடுக்கச் சொன்னால் குப்பையில் போடுகிறான். ஹாட் டாக் வண்டி தள்ளச் சொன்னால் சரக்கைத் தானே தின்கிறான்.

எனக்கு அவன் ஹீரோ! ராத்திரி நான் சிரித்த சிரிப்பில் அம்மா எட்டிப் பார்த்து, "பரீட்சைக்குப் படிக்கிறேன்னியே, அதுல என்னடா சிரிப்பு?" என்றார்.

ஹூஸ்டன்வாசி:
நான் சந்தித்தது ஆளையே! கதை தொடங்குவது கனால் தெருவில், டி.எச். ஹோம்ஸ் கடையின் கடிகாரத்தடியில். அம்மா வரட்டும் என்று இக்னேஷியஸ் காத்து நிற்பான், போகிறவர் வருகிறவர் உடையை எல்லாம் எடைபோட்டுக்கொண்டு. கடை போய் இப்போது அங்கே ஹோட்டல். கடிகாரத்தடியில் அவனுக்கு ஆளுயர வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவைக் கூட்டிப்போனேன்.

"யாருப்பா இது, தலைவரா?"

"இல்லம்மா, கதையில வர்ற ஆள்."

"என்ன செஞ்சார்?"

"ஒண்ணும் செய்யல. முப்பது வயசு வரைக்கும் வேலைக்குப் போகாம வீட்டுல இருந்தார்."

அம்மா சிலையைச் சுற்றி வந்து பார்த்தார். "அதுக்கா சிலை? நம்ம தெருவுலயே நாலு வைக்கலாமே."

போட்டோவில் அம்மா முறைத்துக்கொண்டுதான் நிற்கிறார்.

முன்னுரை_கடைசியில்:
முன்னுரையைக் கடைசியாகப் படிக்கிற பழக்கம் எனக்கு. 400 பக்கம் சிரித்து முடித்துவிட்டு நாவலாசிரியர் வாக்கர் பெர்சி எழுதியதைத் திறந்தால் வேறு ஓர் அம்மா.

ஜான் கென்னடி டூல் இதை எழுதத் தொடங்கியது பியூர்டோ ரிக்கோவில், ராணுவத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது. நியூயார்க் பதிப்பகம் ஒன்று திருத்து, திருத்து என்று கடிதம் எழுதிக்கொண்டே இருந்தது. கடைசி வரை புத்தகம் வரவில்லை. 1969-ல், 31 வயதில் தற்கொலை செய்துகொண்டார். அம்மா தெல்மா கைப்பிரதியைப் பதிப்பகம் பதிப்பகமாக அனுப்பினார். எல்லாம் திரும்பி வந்தன. 1976-ல் லயோலா பல்கலைக்கழகத்தில் பெர்சி பாடம் எடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, அவரை விடாமல் துரத்தி, மை தீற்றிய கார்பன் பிரதியைக் கையில் கொடுத்தேவிட்டார். சில பக்கம் பார்த்துவிட்டுத் தட்டிக்கழிக்கலாம் என்று உட்கார்ந்த பெர்சிக்குக் கீழே வைக்க முடியவில்லை. 1980-ல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அச்சகம் போட்டது, முதலில் 2,500 பிரதிதான். அடுத்த வருடமே புலிட்சர் பரிசு.

ஐரீனுக்கும் தெல்மாவுக்கும் ஒட்டே கிடையாது. தெல்மா பேச்சுக்கலை சொல்லிக்கொடுத்தவர், பிள்ளை மேதை என்பதில் கடுகளவும் சந்தேகப்படாதவர். அந்த நினைப்போடு மறுபடி முதல் அத்தியாயத்துக்குப் போனேன், சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

பாதியில்_விட்டவன்:
எனக்கு ஒத்துவரவில்லை. எல்லாரும் கத்துகிறார்கள், எல்லாரும் கேலிப்பொருள். அந்த ஊர்ப் பேச்சை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் ஜோக் ஆறிப்போகிறது. மது பாரைக் கூட்டிப்பெருக்குகிற கறுப்பினத்தவர் ஜோன்ஸை மட்டும் பிடித்தது. வேலை இல்லையென்றால் போலீஸ் பிடிக்கும், இருக்கிற வேலையிலோ அடிமாட்டுக் கூலி. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு புகைக்குள்ளிருந்து அவர் விடும் ஒவ்வொரு வார்த்தையும் ஊசி. அவருக்காக இன்னொரு தடவை முயற்சி செய்யலாம்.

பச்சைத்தொப்பி:
செய்யுங்கள், 100 பக்கம் தாண்டினால் காது பழகிவிடும்.

எனக்கு இப்போது வயது 44. போன மாதம் திரும்பப் படித்தபோது இக்னேஷியஸ் பேசுகிற இடங்களைத் தாண்டித் தாண்டிப் போனேன். கண் நின்றதெல்லாம் ஐரீனிடம். மஸ்கட்டல் ஒயின் பாட்டிலை அடுப்பின் ஓவனுக்குள் ஒளித்து வைத்திருப்பார். இருபது வயதில் குடிகார அம்மா ஜோக் என்று சிரித்துவிட்டுத் தாண்டிய இடம். மகன் கதவைச் சாத்திக்கொண்டு நோட்டுநோட்டாக உலகைத் திட்டி எழுதுகிற வீட்டில், அந்த அம்மாவுக்கென்று இருந்த இடம் அந்த ஓவன் ஒன்றுதான். கதைக் கடைசியில் அவரே பிள்ளையை மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்கிறார். எல்லாம் படித்தாய், மனுஷனாக இருக்க மட்டும் படிக்கவில்லை என்கிறார். முதல் தடவை அவரைத் துரோகி என்று நினைத்தேன்.

அம்மாவுக்கு போன் போட்டேன். "நான் வேலையில்லாம இருந்தப்போ அக்கம்பக்கத்துல என்ன சொல்லுவீங்க?"

"பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறான்னு சொல்லுவேன். ஏன், இப்ப வேலை போயிடுச்சா?"