பாம்பு பிடிக்கும் இருளருக்குப் பேராசிரியர் வேலை கொடுக்கலாமா?

கரிசல்:
விலங்கியல் துறைகளில் இருளர்களை ஒருநாள் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவது போதாது. சம்பளத்துக்கு வைக்க வேண்டும். தொழில் அனுபவம் உள்ளவர்களைப் பேராசிரியராக எடுக்க, பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022இல் கொண்டுவந்த 'புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்' வழிகாட்டுதலில் பட்டம் கட்டாயமில்லை. 15 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

தேரி:
அவ்வளவுதானா? அந்த அனுபவம் 'உயர்பொறுப்பில் இருந்தால் நல்லது'ன்னும் அதிலேயே இருக்கு. தேர்வுக்குழு அந்த ஒரு வரியைக் காட்டியே தள்ளிடும். மீறி எடுத்தாலும் 3 வருஷம், மிஞ்சிப்போனா 4. அப்புறம் அவர் எங்க போவார்? பாம்புத் தடம் பார்க்கிறதை ஸ்லைடு போட்டுச் சொல்லித்தரவும் முடியாது.

கரிசல்:
ஸ்லைடு யார் கேட்டது? 2017இல் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகம் மலைப்பாம்பு பிடிக்க மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை வரவழைத்தது. முதல் 8 நாளில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்த மலைப்பாம்பு பிடிக்கும் போட்டியில், ஒரு மாதம் முழுக்கக் கிடைத்தது 106தான். மற்றவர்கள் கரைமேட்டிலும் சாலையோரமும் தேட, இவர்கள் நேரே அடர்புதருக்குள் இறங்கினார்கள். அந்தப் பார்வையைத்தான் மாணவன் கற்க வேண்டும்.

வேலிக்காத்தான்:
சென்னைக்குப் பக்கத்துல வடநெம்மேலியில, பாம்பு விஷம் எடுக்கிற இருளர் கூட்டுறவுச் சங்கத்தையும் சேர்த்துக்கோங்க. 1978லிருந்து நடக்குது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் எல்லாம் மண்பானையில இருக்கும், பானை வாயைத் துணியால கட்டியிருப்பாங்க. வாரம் ஒருமுறை வீதம் நாலு தடவை விஷம் எடுத்துட்டு, வயித்துச் செதில்ல வெட்டு அடையாளம் வெச்சு காட்டுல விட்டுடுவாங்க. அடையாளத்தோட இருக்கிறதைத் திரும்பப் பிடிக்கிறதில்ல. சில தடவை சட்டை உரிச்சா அது மறைஞ்சிடும். இதைவிட நல்ல ஆய்வகப் பாடம் எது?

தேரி:
பாடம் நல்லதுதான். ஆனா தாத்தா பாடம் எடுக்க, பேத்தி அதே கல்லூரியில சேர முடியலன்னா? பழங்குடியினருக்கு மாநில ஒதுக்கீடு 1 சதவீதம். அதுக்கும் கோட்டாட்சியர் தர்ற சாதிச் சான்றிதழ் வேணும். அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ சான்று இருக்கான்னு அங்க கேட்பாங்க. வாங்காத குடும்பம் அங்கேயே நிக்குது. கல்லூரிக்கு அக்கறை இருந்தா, முதல்ல ஒரு அலுவலரைப் போட்டு அந்தக் கோப்பை நகர்த்தட்டும்.

கரிசல்:
அதுவும் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்காக இதை ஏன் நிறுத்த வேண்டும்? ஒரு பருவத்துக்குக் களநாள் 10, வகுப்பு 2. தேர்வில் மாணவன் மண்ணில் கிடக்கும் தடத்தைப் பார்த்து, எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போனது என்று சொல்ல வேண்டும். மதிப்பெண் போடுபவர் இருளர்.

தேரி:
மதிப்பெண் பட்டியல்ல கையெழுத்து யாரோடது? துறைத் தலைவர்தான் போடுவார்னா நான் ஒத்துக்க மாட்டேன்.