சிடி ஸ்கேனைப் பார்த்தே கல் சிக்கிக்கொண்டது என்று சொல்ல முடியுமா?

லோரிக்காரன், சுங்கை சிப்பூட்:
எல்லாருக்கும் வணக்கம். தோட்டத்திலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறேன். தீபாவளிக்கு முன்னால் விலாப் பக்கம் உயிர் போகிற வலி. அப்புறம் தானாகவே அடங்கிவிட்டது. ஆனாலும் மனைவியின் நச்சரிப்பில் ஈப்போவுக்குப் போய் சிடி எடுத்தேன். இடது சிறுநீர்க் குழாயின் மேல்பகுதியில் 9 மில்லிமீட்டர் கல், அடர்த்தி 1,150 ஹெச்யூ (சிடியில் அடர்த்தியை அளக்கும் அலகு), கல் இருக்கும் இடத்தில் குழாய்ச் சுவர் தடிப்பு 4.2 மில்லிமீட்டர், கிட்னி கொஞ்சம் வீங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட்.

டாக்டர், கல் சிக்கியிருக்கும் போலிருக்கிறது, உள்ளே கேமரா விட்டு லேசரால் உடைப்பதுதான் நல்லது என்கிறார். எங்கள் லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) ஒருவருக்கு வெளியிலிருந்தே ஷாக்வேவ் கொடுத்து உடைத்து அன்றே அனுப்பிவிட்டார்கள். எனக்கு மட்டும் ஏன் இப்படி? உள்ளே கேமரா விடாமல் சிக்கியது எப்படித் தெரியும்? வலியும் இல்லையே?

தைப்பிங் மழை:
தம்பி, நான் எக்ஸ்ரே அறையிலேயே தலை நரைத்தவன். உங்கள் ரிப்போர்ட்டில் முக்கியமான எண் அந்த 4.2தான், எல்லாரும் கல்லின் அளவைத்தான் பார்ப்பார்கள்.

திரையில் கல் பளிச்சென்ற வெள்ளைப் புள்ளி. அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் தெரியும். அதுதான் குழாயின் சுவர். படத்தைப் பெரிதாக்கி, வளையம் எங்கே அதிகம் தடித்திருக்கிறதோ அங்கே அளப்பார்கள். கல் ஒரே இடத்தில் உட்கார்ந்து அழுத்திக்கொண்டே இருந்தால் சுவர் வீங்கும், நாளாக ஆக இறுகிக் கல்லைக் கவ்விக்கொள்ளும். சுவர் 3, 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. எல்லை ஆய்வுக்கு ஆய்வு மாறும். கிட்னி வீக்கத்தையும் கல் எத்தனை காலமாக அங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். இரண்டு மாதமாக நகராத கல்லைச் சிக்கிய கல் என்பது பழைய வழக்கம்.

இது கணிப்புதான். ஆபரேஷன் அறையில் மெல்லிய கம்பியைக் கல்லைத் தாண்டி விடும்போதுதான் உறுதியாகத் தெரியும். ஆனால் முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் தயாராக இருப்பார். கம்பி போகவில்லை என்றால் முதுகுப் பக்கம் கிட்னியில் குழாய் போடுவதா, முடிந்தபின் ஸ்டென்டை (சிறுநீர்க் குழாய்க்குள் வைக்கும் மெல்லிய குழாயை) எவ்வளவு காலம் விடுவது என்று யோசித்து வைப்பார். இறுகிய சுவர் கிழியவும், பின்னால் தழும்பாகிச் சுருங்கவும் வாய்ப்பு உண்டு.

ஷாக்வேவ் விஷயம்: கல்லைச் சுற்றிக் கொஞ்சமாவது நீர் இருந்தால்தான் அது நன்றாக உடைந்து துண்டுகள் விலகும். கவ்விப் பிடித்த இடத்தில் அதற்கு இடமில்லை. அதோடு 1,000 ஹெச்யூவுக்கு மேலே போனால் கல்லும் கெட்டி. லயத்துக்காரருக்கு வேறு கல், வேறு இடம்.

வலி போனதை நம்பாதீர்கள். அடைபட்ட கிட்னி மெல்ல மெல்ல நீர் உற்பத்தியைக் குறைக்கும், அழுத்தம் குறையும், வலியும் போய்விடும். கிட்னி மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். காய்ச்சல் குளிர் வந்தால் அப்பாய்ன்ட்மெண்ட் தேதி வரை காத்திருக்காமல் நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

சித்தியவான் அக்கா:
என் வீட்டுக்காரருக்கும் இதே லேசர்தான். லேசரைவிட ஸ்டென்ட்தான் படுத்தியது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாத்ரூம், தோட்டத்து மண் ரோட்டில் வண்டி குலுங்கினால் சிறுநீர் சிவக்கும். ஸ்டென்டை எப்போது எடுப்பார்கள் என்று கேட்டுத் தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். மறந்து உள்ளேயே விட்டால் அதன் மேலேயே கல் படியும்.

லோரிக்காரன், சுங்கை சிப்பூட்:
நன்றி ஐயா, நன்றி அக்கா. லேசருக்குத் தலையாட்டிவிடுகிறேன். மனைவி தினமும் வாழைத்தண்டுச் சாறு கொடுக்கிறாள். நிறுத்தவா? அப்புறம், எம்சி (மருத்துவ விடுப்பு) எத்தனை நாள் கேட்பது? மண்டோர் (மேற்பார்வையாளர்) முறைப்பார்.

தைப்பிங் மழை:
சாறு இந்தக் கல்லை நகர்த்தாது, அதற்காக லேசரைத் தள்ளிப்போடாதீர்கள். எம்சி முடிந்தபின்னும் ஸ்டென்ட் எடுக்கும் வரை கனமான வேலை வேண்டாம் என்று லைட் டியூட்டி கடிதம் கேளுங்கள். மண்டோரிடம் நீங்கள் பேசுவதைவிட அந்தக் கடிதம் பேசட்டும்.