‘தேசிய வாகையர்’ என்ற சொல்லை மீண்டும் பார்க்க வேண்டும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க வகை ஆட்டம்) பற்றிய கட்டுரைகளுக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில் ‘நேஷனல் சாம்பியன்’ என்பதற்கு நேராகத் ‘தேசிய வாகையர்’ என்று மட்டும் இருக்கிறது. அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். அந்த ஆட்டத்தில் அரசு தலையிடலாமா என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் நடந்த வழக்காடலே, பெரும்பகுதி, இந்த ஒரு சொல்லின் பொருளைப் பற்றியதுதான். நாம் ஒரு தரப்பின் சொல்லைத் தமிழாக்கி வைத்துவிட்டால், கட்டுரை தொடங்கும் முன்பே தீர்ப்பை எழுதிவிட்டவர்கள் ஆவோம்.

அங்குள்ள நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு, கால்பந்தின் கீழ்ப்பிரிவுகளில் 1970களிலிருந்தே தோற்றவர் வெளியேறும் முறையில் போட்டி வைத்து வெற்றியாளரைத் தீர்மானிக்கிறது. பெருங்கூட்டமும் பெரும்பணமும் சேரும் உயர்பிரிவில் மட்டும் அது அப்படிச் செய்வதில்லை. அங்கே 1936 முதல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் செய்தியாளர்களிடமும், 1950 முதல் இன்னொரு வாக்கெடுப்பு பயிற்சியாளர்களிடமும் கருத்துக் கேட்டு அணிகளை வரிசைப்படுத்தி வந்தன. இரண்டு வரிசைகளிலும் முதலிடம் ஒன்றாக இருந்தால் ஒரு சாம்பியன், வெவ்வேறாக இருந்தால் இரண்டு சாம்பியன்கள். 1990, 1991, 1997 ஆகிய ஆண்டுகளில் இரண்டு அணிகள் அப்பெயரைப் பகிர்ந்துகொண்டன.

இக்குழப்பத்தைத் தீர்ப்பதற்கென்று 1998இல் வந்ததுதான் பௌல் சாம்பியன்ஷிப் சீரிஸ் என்ற பி.சி.எஸ். வாக்கெடுப்புகளையும் கணினிக் கணக்குகளையும் கலந்து ஒரு வரிசை அமைத்து, அதன் முதல் இரண்டு அணிகளை மட்டும் இறுதி ஆட்டத்தில் மோதவிட்ட ஏற்பாடு அது. 2003ஆம் பருவத்தில் இரு வாக்கெடுப்புகளிலும் முதலிடத்தில் இருந்த தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணி, கூட்டுக் கணக்கில் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டு இறுதி ஆட்டத்துக்கே போகவில்லை. செய்தியாளர்கள் அதையே சாம்பியன் என்றார்கள், பி.சி.எஸ். லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சாம்பியன் என்றது. 2008ஆம் பருவத்தில் யூட்டா பல்கலைக்கழகம் ஆடிய 13 ஆட்டங்களிலும் வென்றது. பருவ முடிவில் நடக்கும் ‘பௌல்’ ஆட்டங்களுள் ஒன்றான சுகர் பௌலில் அலபாமாவை 31-17 என்று வீழ்த்தியது. ஆனாலும் ஓர் ஆட்டத்தில் தோற்றிருந்த ஃபுளோரிடாதான் சாம்பியன். யூட்டா எந்த அணியிடமும் தோற்கவில்லை. அதன் கூட்டமைப்பு, ஏற்பாட்டில் இடம் உறுதிசெய்யப்பட்ட ஆறு கூட்டமைப்புகளில் ஒன்றன்று. தரவரிசையின் முதல் இரண்டு இடங்களில் வராததால் இறுதி ஆட்டத்துக்கு வாய்ப்பின்றி நின்றது. (‘கான்ஃபரன்ஸ்’ என்பதை ‘மாநாடு’ என்று எழுதியிருக்கும் இடங்களைத் திருத்திவிடலாம். இங்கே அது பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு.)

அரசு உள்ளே வந்தது இந்தக் கட்டத்தில்தான். யூட்டா மாநிலத்தின் செனட்டர் ஆரின் ஹேட்ச்சின் முயற்சியால் 2009 ஜூலையில் செனட் துணைக்குழுவில் விசாரணை நடந்தது. டெக்சாஸைச் சேர்ந்த பிரதிநிதிகள் அவை உறுப்பினர் ஜோ பார்ட்டன் அதே ஆண்டு ஒரு சட்ட முன்வரைவைக் கொண்டுவந்தார். டிசம்பரில் ஒரு துணைக்குழு அதை ஏற்றதோடு அது நின்றுபோனது. நம் விவாதத்துக்கு முதன்மையான சான்று அந்த முன்வரைவுதான். அது பி.சி.எஸ். ஆட்டத்தைத் தடைசெய்யவில்லை, வெளியேற்றச் சுற்றுகளை நடத்துமாறு எவருக்கும் ஆணையிடவுமில்லை. அத்தகைய சுற்றுகளின் முடிவாக அமையாத ஓர் ஆட்டத்தைத் ‘தேசிய சாம்பியன்ஷிப்’ என்று விளம்பரப்படுத்துவதும் விற்பதும், நுகர்வோரை ஏமாற்றும் வணிகச் செயலாகக் கருதப்படும் என்றது. அதாவது ஆட்டத்தை விட்டுவிட்டு அதன் பெயரைப் பிடித்தது.

ஒரு சொல்லின் பொருளைச் சட்டம் வரையறுக்கலாமா என்று கேட்ட நண்பரின் தயக்கம் எனக்கும் உண்டு. ஆனால் பெயரைக் காட்டிப் பணம் வாங்கும் இடத்தில் அப்பெயர் உண்மையா என்று கேட்பது அரசின் பழைய கடமைகளில் ஒன்று. நெய் என்று எழுதி விற்கப்படுவது நெய்யா என்று பார்ப்பதைப் போன்றது. இதற்கு மாறாக, எந்த அணி சிறந்தது என்று அரசே அறிவிப்பதை நான் ஏற்கமாட்டேன். அதுவும் நடந்திருக்கிறது. 1969 டிசம்பரில் டெக்சாஸ் அணி ஆர்கன்சாவை 15-14 என்று வென்ற அன்று, குடியரசுத் தலைவர் நிக்சன் நேரில் சென்று, நாட்டின் முதல் அணி என்று அதற்குப் பட்டயம் வழங்கினார். அதே பருவத்தில் பென் மாநிலப் பல்கலைக்கழக அணியும் தோல்வி காணாமல் இருந்தது. அவ்வணியை நேசித்தவர்கள் அந்தப் பட்டயத்தை நெடுங்காலம் மறக்கவில்லை. மறக்காததில் நியாயமும் உண்டு.

எனவே நமக்குத் தேவை இரண்டு சொற்கள். களத்தில் ஒருவரையொருவர் வென்று எஞ்சிய அணிக்கு ஒன்று. வரிசைப்படுத்தி அறிவிக்கப்பட்ட அணிக்கு மற்றொன்று. முன்னதற்கு ‘களவாகை’ என்று ஒரு நண்பர் முன்மொழிந்தார். சுருக்கமான சொல்தான், ஆனால் சேர்த்து எழுதும்போது ‘களவு ஆகை’ என்று கண் பிரித்துப் படித்துவிடும் என்று அஞ்சுகிறேன். ‘களத்துவாகை’ என்று சாரியை கொடுத்தால் அத்தொல்லை இல்லை. பின்னதற்கு வந்த ‘வாக்குவாகை’ செவிக்கு இனிது. எனினும் பி.சி.எஸ். காலத்தில் வாக்குகளோடு கணினிக் கணக்கும் கலந்திருந்ததால் அது பாதிப் பொருளையே தருகிறது. ‘தரவரிசை வாகை’ என்பதை என் பரிந்துரையாக வைக்கிறேன்.

வாகை என்பது போரில் வென்று சூடும் பூவாயிற்றே, வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றவருக்கு அதைத் தரலாமா என்பது இன்னொரு மடலில் வந்த தடை. புறத்திணை இலக்கண நூலான புறப்பொருள் வெண்பாமாலை வாகைத்திணைக்குத் தரும் வரையறையை மட்டும் பார்த்தால் அத்தடை சரியே. தொல்காப்பியமோ வாகையைப் போரோடு நிறுத்தவில்லை. அவரவர் தமக்குரிய துறையில் மேம்பட்டு விளங்குவதையும் வாகை என்கிறது. ஆகவே வென்றதற்கும் விஞ்சியதற்கும் அடிச்சொல்லாக நிற்க வாகைக்கு உரிமை உண்டு. எந்த வழியில் வந்த வாகை என்பதை முன்னொட்டு சொல்லட்டும்.

‘பௌல்’ என்பதை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். ‘கிண்ணப் போட்டி’ என்று எழுதினால், உலகக் கோப்பையை உலகக் கிண்ணம் என்றே வழங்கும் இலங்கை வாசகர்கள், வெல்பவருக்குக் கிண்ணம் தரும் தொடர் என்று எடுத்துக்கொள்வார்கள். இந்தப் பெயர் பரிசிலிருந்து வரவில்லை. கிண்ண வடிவில் கட்டப்பட்ட அரங்கிலிருந்து வந்தது.

‘ஆன்ட்டி டிரஸ்ட்’ சட்டத்துக்குப் பட்டியலில் உள்ள ‘நம்பிக்கை எதிர்ப்புச் சட்டம்’ கட்டாயம் நீக்கப்பட வேண்டும். 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டம் குறிக்கும் டிரஸ்ட், போட்டி நிறுவனங்களின் பங்குகளை ஒரே அறங்காவலர் குழுவிடம் ஒப்படைத்துச் சந்தையைக் கைக்குள் வைத்திருந்த வணிகக் கூட்டு. ஸ்டாண்டர்ட் ஆயில் அதற்கு நன்கறிந்த சான்று. ‘முற்றுரிமைத் தடுப்புச் சட்டம்’ என்பது தமிழ்நாட்டுப் பொருளியல் மாணவர்களுக்கு உடனே விளங்கும்; ஆனால் முற்றுரிமை என்பது ஒருவர் கையில் சந்தை இருப்பது, பி.சி.எஸ். மீது சொல்லப்பட்ட குறையோ பலர் கூடி வெளியாரை அடைத்தார்கள் என்பது. ‘வணிகக்கூட்டுத் தடைச் சட்டம்’ இரண்டுக்கும் பொருந்தும்.

இச்சொல் இல்லாமல் கட்டுரையை எழுதவே முடியாது. கல்லூரி ஆட்டங்களின் தொலைக்காட்சி உரிமையை என்.சி.ஏ.ஏ. தன் கையில் வைத்திருந்ததை உச்ச நீதிமன்றம் 1984இல் இதே சட்டத்தின் கீழ்த் தவறு என்றது. அதன் பிறகு ஒளிபரப்பு ஒப்பந்தங்கள் கூட்டமைப்புகளின் கைக்குச் சென்றன; பணபலம் பெற்ற கூட்டமைப்புகள் தமக்குள் பேசி அமைத்துக்கொண்டதே பி.சி.எஸ். அரசு தலையிட்டு ஒரு முற்றுரிமையை உடைத்ததன் தொலைவிளைவாகவே அந்தக் கூட்டு வந்தது என்பதை, தலையிட வேண்டும் என்ற தரப்பில் நிற்கும் நானும் மறைக்கக் கூடாது. 2011 மே மாதம் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் என்.சி.ஏ.ஏ. தலைவருக்குக் கடிதம் எழுதி, இப்பிரிவில் மட்டும் ஏன் வெளியேற்றச் சுற்றுகள் இல்லை என்று கேட்டது. அடுத்த ஆண்டு ஜூனில் நான்கு அணிகளின் பிளே ஆஃப் (வெளியேற்றச் சுற்று) முறைக்குப் பல்கலைக்கழகத் தலைவர்கள் ஒப்புதல் அளித்தார்கள். கடிதம்தான் காரணம் என்று எழுதிவிட முடியாது. ரசிகர்களின் சினமும் தொலைக்காட்சிப் பணமும் அதே திசையில் தள்ளிக்கொண்டிருந்தன.

பிளே ஆஃப் வந்தபின் களத்துவாகை ஒன்றே போதும் என்பதும் சரியாகாது. 2014 முதல் உள்ளே வரும் அணிகளை ஒரு தேர்வுக்குழு வரிசைப்படுத்துகிறது. 2023இல் 13 ஆட்டங்களிலும் வென்ற ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு, தலா ஓர் ஆட்டத்தில் தோற்ற டெக்சாஸையும் அலபாமாவையும் அது சேர்த்தபோது, ஃபுளோரிடாவின் தலைமை வழக்கறிஞர் வணிகக்கூட்டுத் தடைச் சட்டத்தின் அடிப்படையில் ஆவணங்களைக் கேட்டார். 2024இல் அணிகள் பன்னிரண்டாயின. வாயில் அகன்றாலும் வாயிலில் நிற்பது இன்னும் தரவரிசைதான்.

இருந்தாலும் உள்ளே வந்த அணிகளில் வெற்றியாளர் களத்தின் சுற்றுகளைக் கடந்தே வருவதால், 2013ஆம் பருவம் வரை வந்த அணிகளைத் ‘தரவரிசை வாகை அணி’ என்றும், 2014 முதல் வந்தவற்றைக் ‘களத்துவாகை அணி’ என்றும் பட்டியலில் பிரித்து எழுதியிருக்கிறேன். பி.சி.எஸ். இறுதியாட்டத்தில் வென்ற அணிகள் களத்திலும் ஓர் ஆட்டம் வென்றவைதாமே என்ற வினா எஞ்சுகிறது. இருவர் மட்டுமே அழைக்கப்பட்ட ஓர் ஆட்டத்தை நான் சுற்றாக எண்ணவில்லை. மாற்றுக் கருத்துடையோர் காரணத்தோடு எழுதினால், அந்தப் பதினாறு பருவங்களுக்குரிய வரிகளை மட்டும் திறந்து வைக்கிறேன்.