இலை பசுமையாகவே இருக்கும்போது நீராவிப்போக்கு குறைந்ததைச் செயற்கைக்கோள் காட்டுமா?

கேள்வி:
வணக்கம். மரங்களும் புதர்களும் அடர்ந்த ஒரு நிலப்பரப்பின் நீரிழப்பைக் கணிக்க, செயற்கைக்கோளில் இருக்கும் மோடிஸ் கருவியின் 16 நாள் பசுமைச் சுட்டெண் தொகுப்பை (என்.டி.வி.ஐ.) எடுத்துக்கொண்டேன். மழை நின்று மூன்று வாரமாகி, மண் ஈரமானியின் அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, சுட்டெண்ணோ 0.7-ஐ விட்டு அசையவில்லை. அதைக் குணகமாக (வானிலையிலிருந்து கணித்த நீரிழப்பைப் பெருக்கும் எண்ணாக) மாற்றிக் கணக்கிட்டால், செடிகள் முன்போலவே நீரை வெளியேற்றுவதாக விடை வருகிறது. பிழை எங்கே இருக்கிறது?

மறுமொழி 1:
கணக்கு சரியாகவே இருக்கலாம். சுட்டெண்ணிடம் அதனால் சொல்ல முடியாததைக் கேட்கிறீர்கள். பச்சையம் சிவப்பொளியை உறிஞ்சுவதையும், இலையின் உள்ளமைப்பு அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புவதையும் ஒப்பிட்டு, இலை எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. ஈரம் குறைந்தால் இலைத்துளைகள் சில நிமிடங்களிலேயே சுருங்கத் தொடங்கும். பச்சையம் சிதைய நாட்களோ வாரங்களோ பிடிக்கும். போதாக்குறைக்கு, இலை அடர்ந்த இடத்தில் சுட்டெண் ஓர் உச்சத்தை எட்டித் தேங்கிவிடும். எனவே உங்கள் விடையை நீரிழப்பின் மேல்வரம்பு என்று கொள்ளுங்கள்.

மறுமொழி 2:
வெப்பநிலையையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. நீர், அதாவது ஒரு லிட்டர், ஆவியாக ஏறத்தாழ 2.45 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். துளைகள் மூடினால் அந்த ஆற்றலில் பெரும்பகுதி இலையையும் அதைச் சூழ்ந்த காற்றையும் சூடாக்கும். லேண்ட்சாட் 8 செயற்கைக்கோள் தரையின் வெப்பத்தைப் பதியும் அலைவரிசைகளான வெப்பப் பட்டைகள் 100 மீட்டர் நுணுக்கத்தில் 16 நாளுக்கு ஒருமுறை கிடைக்கும். 2018 முதல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருக்கும் ஈகோஸ்ட்ரெஸ் என்ற வெப்ப அளவீட்டுக் கருவி, நாளின் வெவ்வேறு நேரங்களில் பதிவு செய்கிறது. மேகம் வந்தால் இரண்டுமே கைவிடும் என்பதுதான் எரிச்சல். மோடிஸின் ஆயத்த நீராவிப்போக்குத் தரவைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். அதன் கணக்கு மண் ஈரத்தை நேரடியாக எடுத்துக்கொள்வதில்லை, காற்றின் வறட்சியை வைத்தே ஊகிக்கிறது.

மறுமொழி 3:
ஓர் ஐயம்: ஈரமானி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? மேல்மண் காய்ந்தாலும், ஆழ வேரோடிய மரங்கள் அடிமண் நீரை இழுத்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் உங்கள் விடை அவ்வளவு தவறாகவும் இராது.

கேள்வி கேட்டவர்:
ஈரமானி 10 செ.மீ. ஆழத்தில்தான் இருக்கிறது, இதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. மழை நின்ற வாரத்துக்கும் இப்போதைக்குமான வெப்பப் படங்களை எடுத்து, இலைப்பரப்புக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு கூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.