நெடுஞ்சாலை ஓரத்தில் பேரூராட்சிக் கடை வளாகம்: முன்சீப் கோர்ட்டா, ஹைகோர்ட்டா?

தெற்குவாசல்:
மாநில நெடுஞ்சாலை, பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய இடம். சாலைப் புறம்போக்கு என்று சொல்லப்படும் நிலத்தில் பேரூராட்சி இரண்டு மாடிக் கடை வளாகத்துக்குக் குழி எடுத்திருக்கிறது. தார் விளிம்பிலிருந்து 3 மீட்டர்கூட இல்லை. பின்னாலுள்ள பட்டா வீடுகளின் வழியும் அடைபடும். அரசுக் கட்டடத்துக்குத் திட்ட அனுமதியே வேண்டாம் என்கிறார்கள். முன்சீப் கோர்ட்டில் தடையாணை கேட்பதா, நேராக ஹைகோர்ட்டா? போக்குவரத்து நெரிசலைக் காட்டினால் போதுமா?

புலப்படம்:
நெரிசலை மட்டும் நம்பி வழக்குப் போடாதீர்கள். கட்டடம் எங்கே வர வேண்டும் என்பது நிர்வாகத்தின் கொள்கை முடிவு என்று நீதிமன்றம் ஒதுங்கிவிடும். சட்டமீறலைக் காட்ட வேண்டும். அது கோப்பிலும் புல வரைபடத்திலும்தான் கிடைக்கும்.

"அனுமதி வேண்டாம்" என்பது பாதி உண்மை. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, பிரிவு 58 அரசுத் துறைகளுக்கும் உள்ளாட்சிகளுக்கும் தனி வழி வைத்திருக்கிறது. வேலை தொடங்க 30 நாளாவது முன்னதாக, வரைபடங்களோடு திட்டக் குழுமத்துக்கு (திட்ட அனுமதி தரும் அமைப்பு) எழுத்தில் தெரிவிக்க வேண்டும். குழுமம் ஆட்சேபித்தால் அரசு முடிவெடுக்கும். அந்தக் கடிதமே போகாமல் குழி எடுத்திருந்தால் அதுவே உங்கள் முதல் வாதம்.

இரண்டாவது வாதம் கட்டட எல்லைக்கோடு, அதாவது சாலைப் பக்கம் அதைத் தாண்டிக் கட்டக் கூடாது என்ற கோடு. தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001-இன்படி சாலை எல்லை, கட்டட எல்லைக்கோடு, கட்டுப்பாட்டுக் கோடு (அதுவரை கட்டுமானம் கட்டுப்பாட்டுக்கு உட்படும்) மூன்றையும் அந்தத் துறை வரையறுக்கலாம். உங்கள் சாலைக்கு வரையறுத்திருக்கிறார்களா, அறிவிப்பு நகல் எங்கே என்று கேளுங்கள். ஊருக்கு வெளியே தேசிய நெடுஞ்சாலைக்கு நடுக்கோட்டிலிருந்து 40 மீட்டர், 75 மீட்டர் என்று ஒரு கணக்கு உண்டு. அதை இங்கே கொண்டுவந்து போட்டால் எதிர்த்தரப்பு ஒரே வரியில் உடைத்துவிடும்.

தகவல் உரிமைச் சட்ட மனுவில் (கட்டணம் 10 ரூபாய்) இவற்றை மட்டும் கேளுங்கள்: நிலத்தின் வகைப்பாடு, அதை மாற்றிய ஆணை அல்லது முன் நுழைவு அனுமதி (நில மாற்றம் முடியுமுன் வேலை தொடங்க விடும் ஆணை), நெடுஞ்சாலைத் துறையின் தடையின்மைச் சான்று, பிரிவு 58 கடிதமும் பதிலும், மன்றத் தீர்மானம், நிர்வாக அனுமதி, பணி ஆணை. "ஏன் கட்டுகிறீர்கள்" என்று கேட்காதீர்கள். அது தகவல் ஆகாது. பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் தூண் எழும்பிவிடும். "கோப்பைப் பார்வையிட வேண்டும்" என்று மனுவிலேயே ஒரு வரி சேருங்கள்.

வாய்தா:
முன்சீப் கோர்ட் இதற்குச் சரிப்படாது. அரசு மீதோ அரசு அலுவலர் மீதோ சிவில் வழக்குக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 80-இன்படி இரண்டு மாத முன்னறிவிப்பு தேவை. அவசரம் என்று 80(2)-இல் விலக்கு வாங்கினாலும், அரசுத் தரப்பைக் கேட்காமல் இடைக்காலத் தடை கிடைக்காது. இன்னொன்று, 2018 திருத்தத்தில் வந்த குறிப்பிட்ட பரிகாரச் சட்டப் பிரிவு 41(எச்ஏ). அட்டவணையிலுள்ள உள்கட்டமைப்புத் திட்டத்தைத் தாமதப்படுத்தும் தடையாணை கூடாது என்கிறது. மருத்துவமனை, கல்வி நிலையம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கடை வளாகம் அதில் அடங்காது என்று வாதிடலாம். ஆனால் அந்த வாதத்துக்கே நாலு வாய்தா போய்விடும்.

ஆகவே அரசியலமைப்புப் பிரிவு 226-இல் ஹைகோர்ட்டில் ரிட் மனு. அதற்குமுன் ஆட்சியர், நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளர், திட்டக் குழுமம், பேரூராட்சிச் செயல் அலுவலர் நால்வருக்கும் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையுடன் தபாலில் மனு போயிருக்க வேண்டும். கேட்டு மறுத்தார்கள் அல்லது மௌனமாக இருந்தார்கள் என்று காட்டாத மாண்டமஸ் மனு (அதிகாரி தன் கடமையைச் செய்ய ஆணையிடக் கேட்பது) முதல் விசாரணையிலேயே தடுமாறும். எதிர்மனுதாரர் பட்டியலில் ஒப்பந்ததாரரை விட்டுவிடாதீர்கள். பாதிக்கப்படுகிறவரைச் சேர்க்கவில்லை என்ற ஆட்சேபம் நிச்சயம் வரும்.

பொதுநல வழக்காகப் போடவும் வேண்டாம். பட்டா வீட்டுக்காரர் தன் வழி அடைபடுகிறது என்று தன் பெயரில் போடுவதே வலு. பொதுச்சாலையை ஒட்டிய நிலத்தின் உரிமையாளருக்கு அந்தச் சாலைக்குள் வந்துபோகும் உரிமை உண்டு.

குறுக்குச்சாலை:
2013 ஜனவரி 18 உச்ச நீதிமன்ற உத்தரவை (சாலையில் சிலையோ கட்டுமானமோ கூடாது என்பது) பலர் முழுதாகப் படிக்காமலே மேற்கோள் காட்டுவார்கள். பொதுப் பயன்பாட்டு வசதிகளுக்கு அதிலேயே விலக்கு இருக்கிறது. பயணிகள் நிழற்குடை என்றால் அந்த விலக்கில் தப்பிவிடும். வாடகைக்கு விடும் கடைகள் தப்புமா என்பதுதான் உங்கள் வழக்கறிஞர் அழுத்த வேண்டிய இடம்.

தெற்குவாசல்:
நன்றி. அளவில் தகராறு வந்தால்? அவர்கள் புறம்போக்கு எல்லையை வேறு மாதிரி காட்டுகிறார்கள்.

புலப்படம்:
ரிட்டில் அளவுத் தகராறைச் சாட்சி வைத்துத் தீர்க்க மாட்டார்கள். வருவாய்த் துறையும் நெடுஞ்சாலைத் துறையும் சேர்ந்து அளந்து அறிக்கை தரட்டும், அதுவரை இப்போதுள்ள நிலையே தொடரட்டும் என்று இடைக்கால மனுவில் கேளுங்கள். முழுத் தடையைவிட இது கிடைக்க வாய்ப்பு அதிகம். தேதி தெரியும்படி குழியைப் படம் எடுத்து வையுங்கள். அடித்தளம் முடிந்து கூரை போட்டபின் போனால், பொதுப்பணம் செலவாகிவிட்டது, இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள் என்றுதான் முதல் கேள்வி வரும்.